முடி கொட்டும் காக்கர் ஸ்பானியலுக்கு எந்தச் சீப்பு, எந்தப் பிரஷ்?

காக்கர் ஸ்பானியலுக்கு ஆண்டு முழுவதும் கொஞ்சம் முடி கொட்டும், பருவம் மாறும்போது அதிகமாகக் கொட்டும். அதை நிறுத்தக்கூடிய கருவி எதுவும் கிடையாது. உதிர்ந்த முடி சோபாவில் ஒட்டுவதற்கு முன் நம் கைக்கு வர வேண்டும், நீண்ட முடி சடை பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே கருவி வாங்குகிறோம்.

படி 1: முடியைப் பாருங்கள்

நாயின் முதுகில் முடியை விரல்களால் வகிர்ந்து பார்த்தால், மேலே பளபளப்பான படிந்த முடியும், அடியில் மென்மையான குட்டை முடியும் தெரியும். வீட்டில் பறப்பதில் பெரும்பங்கு இந்த அடிமுடிதான். காது, மார்பு, வயிறு, கால்களின் பின்புறம் ஆகிய இடங்களில் நீளமாகத் தொங்கும் முடியில்தான் சிக்கு விழும். காக்கரில் இங்கிலீஷ், அமெரிக்கன் என இரண்டு இனங்கள் உண்டு. இங்கிலீஷ் காக்கரைவிட அமெரிக்கன் காக்கருக்கு முடி அடர்த்தி என்பதால், உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொள்வது நல்லது. கருத்தடை செய்த நாய்களுக்கும் முடி அடர்ந்து சுருளக்கூடும்.

படி 2: முதலில் எஃகுச் சீப்பு

பிரஷ்ஷுக்கு முன் சீப்பை வாங்குங்கள் என்பது என் கருத்து. பிரஷ் மேலோட்டமாக அழகுபடுத்திவிடும், சீப்பு மட்டுமே அடியில் சிக்கு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பாதி அகன்ற பற்களும் மறுபாதி நெருக்கமான பற்களும் உள்ள சீப்பு ஒன்றே போதும். பற்களின் நுனியை மணிக்கட்டின் உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள்; கீறினால் வாங்க வேண்டாம். அழுத்தும்போது பற்கள் வளையாமலும், அவற்றின் இடையே முலாம் பிசிறு இல்லாமலும் இருக்க வேண்டும்.

படி 3: ஸ்லிக்கர் பிரஷ்

மெத்தையான அடிப்பாகத்தில் மெல்லிய வளைந்த கம்பிகள் நெருக்கமாகப் பதித்திருப்பதே ஸ்லிக்கர். மெத்தை நன்றாக அமுங்கும் வகையையும், காதிலும் காலிலும் ஓட்டக்கூடிய சிறிய அளவையும் தேர்ந்தெடுங்கள். பேனாவைப் பிடிப்பதுபோல இலேசாகப் பிடித்து ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தி இழுத்தால் தோல் சிவந்து எரியும், அதன் பின் பிரஷ்ஷைக் கண்டாலே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

படி 4: அடிமுடி நீக்கும் பிளேடு வேண்டுமா?

விளம்பரங்களில் மலைபோல் முடி குவித்துக் காட்டப்படுவது இந்தக் கருவிக்குத்தான். அழுத்தி ஓட்டினால் அது நல்ல மேல்முடியையும் வெட்டிவிடும் என்பதால், ஆரம்பத்தில் வாங்காமல் இருப்பதே மேல். வாங்கியே தீர வேண்டுமென்றால் முதுகில் மட்டும், அரிதாக ஓட்டுங்கள். நீள முடி பக்கம் கொண்டுபோகவே கூடாது. முதுகுக்குக் குறைந்த விலை ரப்பர் பிரஷ்ஷே போதுமானது. கோடைக்காக முழு உடலையும் மழித்துவிடும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. வெயில் நேரே தோலில் படுவதோடு, திரும்ப வளரும் முடி பழைய தன்மையை இழப்பதும் உண்டு.

படி 5: பயன்படுத்தும் முறை

குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கு எடுத்துவிடுங்கள், ஏனெனில் முழுக்க நனைந்து காய்ந்தால் சடை இன்னும் இறுகும். முடியின் மீது தண்ணீரை இலேசாகத் தெளித்து, இடது கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து ஒவ்வொரு அடுக்காக விடுவித்து ஸ்லிக்கரை ஓட்டுங்கள். பிறகு அகன்ற பற்கள், அதன்பின் நெருக்கமான பற்கள். தோலில் தொடங்கி நுனி வரை சீப்பு எங்கும் நிற்காமல் வந்தால்தான் அந்த இடம் முடிந்தது.

காதின் பின்புறம், முன்னங்கால் அக்குள், விரல் இடுக்கு ஆகியவற்றைத் தவறாமல் தடவிப் பாருங்கள். அங்கே சடை இருந்தால் அதன் அடிப்பகுதியை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரியுங்கள். அப்படிப் பிடித்தால் தோல் இழுபடாது. கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம்: சடையோடு தோலும் மேலெழும்பி நிற்பதால், எது முடி, எது தோல் என்று தெரியாமல் வெட்டுப்பட்டுவிடும். பிரிக்க முடியாததை, கிளிப்பர் (முடி மழிக்கும் கருவி) வைத்திருக்கும் குரூமரிடம், அதாவது நாய்களுக்கு முடி திருத்துபவரிடம், விட்டுவிடுங்கள்.

நீள முடியை ஒன்றுவிட்டு ஒரு நாள் சீவுங்கள். முதுகுக்கு வாரம் இரண்டு முறை போதும். சீவும்போது வழுக்கைத் திட்டு, செதில், காதில் துர்நாற்றம், ஓயாத அரிப்பு ஆகியவை தென்பட்டால் புதிய பிரஷ் தேடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணி, சொறி, பூஞ்சை, தைராய்டு குறைபாடு ஆகியவற்றாலும் முடி கொட்டும்.