மேசைப்போர் ஆட்டத்தைப் புலனத்தின் வழி வளர்க்கும் முறை

மேசைப்போர் என்பது மேசைமீது படை உருவங்களை நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மேசைப்போர்க் குழுவினர் அறுவரும் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டுமே ஒன்றுகூடுகிறோம். தொழிற்சாலையின் சுழல்முறை வேலையும், ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிவோரின் விடுமுறையும் அதற்கு மேல் இடம் தருவதில்லை. இடைப்பட்ட நாள்களில் கதை ஆறிப்போகாமல் காக்கப் புலனம் (வாட்ஸ்அப்) போதும்.

முதலில் எல்லாரும் அறிந்த களம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் 1025ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழன் கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மீது நடத்திய கடற்படையெடுப்பை எடுத்துக்கொண்டோம்.

அடுத்து, மூன்று புலனக் குழுக்களைத் தொடங்குங்கள்: சோழர் அணிக்கு ஒன்று, கடாரத்து அணிக்கு ஒன்று, நடுவர் மட்டுமே எழுதக்கூடிய பொதுக்குழு ஒன்று. இந்தப் பிரிவினைதான் முழு முறைக்கும் உயிர். 1824இல் பிரஷ்யப் படையில் புகுந்த போர்ப் பயிற்சி ஆட்டத்தில், இரு தரப்பும் தத்தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுக்க, அவர் ஒவ்வொரு தரப்புக்கும் அதன் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே தெரிவித்தார். அந்த நடுவரின் வேலையை இன்று கைப்பேசியில் எளிதாகச் செய்யலாம்.

மூன்றாவதாக, செய்திக்குப் பயண நேரம் விதியுங்கள். வரைபடத்தில் ஒரு கட்டத்திற்கு ஒரு நாள் என்பது எங்கள் கணக்கு. ஒரு முறை, "மழை மறைப்பில் ஜெராய் மலை தெரியவில்லை, கரை எத்திசை என அறியோம்" என்று நடுவரான நான் சோழர் அணிக்கு மட்டும் எழுதினேன். மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற அம்மலையை இழந்ததும், அவர்கள் நங்கூரமிடுவதா முன்னேறுவதா என்று இரவெல்லாம் வாதிட்டனர். கடாரத்து அணிக்கோ கப்பல் வரும் செய்தியே மூன்று நாள் கழித்துத்தான் சென்றது.

பாத்திரமேற்று ஆடுவோருக்கு ஒரு நிமிடத்திற்கு மிகாத குரல் பதிவு எழுத்தைவிடச் சிறந்தது. எங்கள் நண்பர் ஒருவர் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் முதியவராகப் பேசி, இரு அணிகளுக்கும் தனித்தனியே கற்பூரத்திற்கு விலை கேட்டார். அவர் குரலில் இருந்த தயக்கமே கடாரத்தாரைச் சந்தேகிக்க வைத்தது.

ஆட்டப் படங்களை முகநூலின் தனிப்பட்ட குழுவில் நாள்வாரியாகச் சேர்த்து வையுங்கள். விடுபட்டவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பகடையை மட்டும் புலனத்திற்குக் கொண்டுவராதீர்கள்: மோதலின் முடிவு மேசையில்தான் பிறக்க வேண்டும். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவோர் இருப்பதால், மாலை ஏழு மணிக்கு முன் செய்தி அனுப்புவதையும் தவிருங்கள்.

ஆட்டத்திற்கு முந்தைய சனிக்கிழமை இரவு ஒன்பது மணியுடன் கட்டளைகளை ஏற்பதை நிறுத்திவிட்டு, வந்தவற்றைத் தாளில் எழுதி, ஞாயிறு காலை கப்பல்களை அவற்றின்படியே மேசையில் நிறுத்துங்கள்.