பையருக்கு மெயில் எழுதும்போது மாறிப்போகும் ஆங்கிலச் சொற்கள்

போன வாரம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு மெயிலை டைப் செய்துவிட்டு, "அக்கா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க" என்றாள். டி-ஷர்ட்டில் பிரின்ட் வரும் இடத்தை பையர், அதாவது எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர், மாற்றியிருந்தார். அதைப் பற்றி நாலே வரி. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது: "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த பிரின்ட் சேஞ்ச்." படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதே வரியை நானும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

திருப்பூர் ஆடை ஏற்றுமதியில் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை நடத்துபவர் மெர்ச்சன்டைசர்; அந்த வேலையில் பாதி மெயில்தான். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் "இஸ்", "ஆர்" மாறிவிடுமோ, ஸ்பெல்லிங் தப்பாகுமோ என்று பயந்து பயந்து எழுதுகிறார்கள். அதற்கெல்லாம் நான் பயப்படச் சொல்லமாட்டேன். அந்தப் பிழைகளை பையர் தாண்டிப் போய்விடுவார். ஆபத்தானவை வேறு சொற்கள். எழுதியவர் ஒரு பொருளில் எழுதுகிறார், படித்தவர் இன்னொரு பொருளில் படிக்கிறார். இரண்டு பொருளுமே அந்த வரியில் கச்சிதமாகப் பொருந்திவிடும். குழப்பம் நடந்தது என்பதே இருவருக்கும் தெரியாது, சரக்கு கையில் வரும்வரை.

ரிவர்ட்

நம் ஊர் அலுவலகங்களில் "ப்ளீஸ் ரிவர்ட்" என்றால் "பதில் போடுங்கள்". இந்தியாவில் மட்டுமல்ல, சிங்கப்பூர், மலேசியாவிலும் அப்படித்தான் புழங்குகிறது. ஆனால் இங்கிலாந்துக்காரரிடமும் அமெரிக்கரிடமும் அந்தச் சொல்லுக்கு "பழைய நிலைக்குத் திரும்பு" என்பதுதான் பொருள். அதன் வேரான லத்தீன் சொல்லுக்கும் திரும்பிப் போவது என்றே பொருள். குத்தகை முடிந்து நிலம் உரிமையாளருக்குத் திரும்பினால் ரிவர்ட். கணினிக்காரர்கள், புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் "கிட்" (Git) மென்பொருளில் "ரிவர்ட்" கட்டளை கொடுத்தால், செய்த மாற்றம் ரத்தாகும்.

என் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்து பையர் ஒருவருக்கு ஆண்கள் டி-ஷர்ட் ஆர்டர். நேவி ப்ளூ என்று முடிவாகியிருந்தது. சாயத்துக்குத் துணி போவதற்கு இரண்டு நாள் முன்பு, நிறத்தை ஆலிவுக்கு மாற்றச் சொல்லி மெயில் வந்தது. அதே சீசனில் இன்னொரு ஸ்டைலுக்கு ஆலிவ் லேப் டிப் (சாயம் ஏற்றிக் காட்டும் துணி மாதிரி) ஏற்கெனவே அப்ரூவல் ஆகியிருந்ததால் எங்களுக்குச் சிரமமில்லை. இருந்தாலும் ஒரு உறுதி வாங்கிக்கொள்ளலாம் என்று நான் எழுதினேன்: "வீ நோட்டட் த கலர் சேஞ்ச் டு ஆலிவ். ப்ளீஸ் ரிவர்ட் அர்ஜன்ட்லி, ஆஸ் வீ ஹேவ் டு ஸ்டார்ட் டையிங்."

நான் கேட்டது: சாயம் ஏற்ற வேண்டும், சீக்கிரம் பதில் சொல்லுங்கள். பையர் அம்மா படித்தது: சாயம் ஏற்ற வேண்டும், தயவுசெய்து மாற்றத்தைக் கைவிட்டுப் பழைய நிறத்துக்கே திரும்புங்கள். நேரமில்லாததால் நாங்கள் கெஞ்சுகிறோம் என்று நினைத்திருக்கிறார். பாவம், நல்ல மனசு. "ஓகே, தட்ஸ் ஃபைன். ப்ளீஸ் ப்ரொசீட்" என்று ஒரு மணி நேரத்தில் பதில் போட்டுவிட்டார்.

அவர் சம்மதித்தது நேவிக்கு. நாங்கள் சாயம் ஏற்றியது ஆலிவ். 600 கிலோ துணி. வெட்டித் தைத்து முதல் பீஸை கூரியரில் அனுப்பிய பிறகுதான் போன் வந்தது. "ஒய் இஸ் இட் கிரீன்?" என்று கேட்டார். நான் மெயிலை எடுத்துப் படித்தேன். மூன்று தடவை படித்தும் என் தப்பு எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கேட்டோம், நீங்கள் ஓகே சொன்னீர்கள் என்றேன். அவரும் அதையேதான் சொன்னார்: நீங்கள் கேட்டீர்கள், நான் ஓகே சொன்னேன்.

பச்சைத் துணிமேல் நேவி ஏற்றினால் ஷேடு ஒத்து வராது. வெட்டிய துணிக்கு அதுவும் வழியில்லை. புதிதாக நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயப்பட்டறையில் வரிசையில் நின்று எல்லாம் முதலிலிருந்து. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. விமானக் கட்டணம் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். அந்த ஆர்டரில் லாபமே இல்லாமல் போய், கைக்காசும் போனது. ஆலிவ் பீஸ்கள், மிஞ்சிய சரக்கை மொத்தமாக எடுக்கும் ஸ்டாக் லாட் வியாபாரியிடம் வந்த விலைக்குப் போயின.

இன்றைக்கும் எனக்கு ஆறாதது பணம் மட்டும் இல்லை. அந்தச் சொல்லை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதுதான். சீனியர்களின் பழைய மெயில்களைப் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றேன். எல்லா மெயிலும் "ரிவர்ட்" என்றே முடியும். மரியாதையான சொல் என்று எனக்குச் சொல்லியும் கொடுத்தார்கள். இப்போதும் அதே பழைய மெயிலைத்தான் புதுப் பிள்ளைகளும் காப்பி எடுக்கிறார்கள். நம் ஊருக்குள் ஆடிட்டருக்கோ பேங்குக்கோ எழுதும்போது "ரிவர்ட்" போடுங்கள், புரியும், தவறில்லை. வெளிநாட்டு பையருக்கு, அதுவும் மாற்றம் பற்றிய மெயிலில், போடவே போடாதீர்கள்.

பதிலாக "ரிப்ளை" போதும். "லெட் அஸ் நோ" இன்னும் நல்லது. இரண்டையும்விட நல்லது, என்ன செய்யப்போகிறோம் என்று நாமே எழுதிவிடுவது: "நாளை காலை 600 கிலோ ஆலிவ் நிறத்தில், இந்த பேன்டோன் எண்ணில் (நிறத்தைக் குறிக்கும் எண்), சாயம் ஏற்றுகிறோம். எஸ் ஆர் நோ?" நிறத்தின் பெயர் கேள்விக்குள்ளேயே இருந்தால் வெறும் ஓகே-யில் யாரும் ஏமாற முடியாது. அந்தப் பெண்ணின் மெயிலையும் அப்படித்தான் மாற்றினோம்: பிரின்ட் இடது மார்பிலா, நடுவிலா?

டவுட்

இதில் நம்மை மாட்டிவிடுவது தமிழ்தான். "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று வாத்தியார் சொன்னால் அது கேள்வி. "அவன்மேல சந்தேகமா இருக்கு" என்றால் நம்பிக்கை இல்லை. ஒரே சொல்லில் இரண்டையும் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் "டவுட்" பெரும்பாலும் இரண்டாவது பக்கம் நிற்கும். "வீ ஹேவ் அ டவுட் அபவுட் யுவர் மெஷர்மென்ட் சார்ட்" என்று எழுதினால், உங்கள் அளவு அட்டவணை சரியாக இருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை என்று போய்ச் சேரும். அதைப் போட்டவர் இருபது வருஷம் பேட்டர்ன் வெட்டியவராக இருக்கலாம், சுருக்கென்று இருக்கும்.

"கொஸ்டின்" என்று எழுதுங்கள். விளக்கம் வேண்டுமானால் "குட் யூ க்ளாரிஃபை". சார்ட்டில் உண்மையிலேயே தப்பு இருக்கிறது என்று தோன்றினாலும், எந்த அளவு, எத்தனை சென்டிமீட்டர் இடிக்கிறது என்று எழுதினால் போதும். டவுட் என்ற சொல் அங்கேயும் தேவைப்படாது.

கிளாத், கிளாத்ஸ், க்ளோத்ஸ், டிரெஸ்

இதுவும் அதே மாதிரிதான். மீட்டர் கணக்கில் வாங்குவதும் துணி, துவைத்துக் காயப்போடுவதும் துணி. ஆங்கிலத்தில் தறியிலிருந்தோ நிட்டிங் மெஷினிலிருந்தோ வருவது கிளாத், நம் தொழிலில் ஃபேப்ரிக். உடுத்துவது க்ளோத்ஸ். "கிளாத்ஸ்" என்று பன்மையாக்கினால் மேசை துடைக்கும் துணிகள். "வீ எக்ஸ்போர்ட் காட்டன் கிளாத்ஸ்" என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன எழுத்து வித்தியாசம், தொழிலே மாறிவிடுகிறது. பையருக்கு எழுதும்போது "கார்மென்ட்ஸ்" என்று போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை.

டிரெஸ்ஸும் அப்படியே. நாம் சட்டை, பேன்ட், சேலை எல்லாவற்றையும் டிரெஸ் என்கிறோம். "அ டிரெஸ்" என்று ஆர்டர் ஷீட்டில் வந்தால் அது பெண்கள் போடும், கவுன் மாதிரி ஒரே துண்டான உடை. ஆண்கள் பிரிவுக்கு "மென்ஸ் டிரெஸ்ஸஸ்" என்று எழுதாதீர்கள்.

வெஸ்ட், பேன்ட்ஸ், ஜம்பர்

இதில் ஆங்கிலேயரும் அமெரிக்கருமே ஒத்துப்போக மாட்டார்கள். இங்கிலாந்தில் வெஸ்ட் என்றால் நம் கையில்லாத உள் பனியன். அமெரிக்காவில் சட்டைக்கு மேலே போடும் கையில்லாத கோட்டு. பேன்ட்ஸ் அமெரிக்காவில் முழுக்கால் சட்டை, இங்கிலாந்தில் ஜட்டி. ஜம்பர் இங்கிலாந்தில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் பிளவுஸுக்கு மேலே அணியும் கையில்லாத கவுன். எங்கள் தம்பி ஒருவன் அமெரிக்க பையர் கேட்ட வெஸ்ட்டுக்கு ரிப் பனியன் விலையை அனுப்பிவிட்டான். அவர் கேட்டது பஞ்சு வைத்துத் தைத்த குளிர்கால வெஸ்ட். நல்லவேளை, விலை அநியாயத்துக்குக் குறைவாக இருந்ததால் அவரே திருப்பிக் கேட்டார்.

பெயரை மட்டும் வைத்து விலை போடாதீர்கள். ஸ்கெட்ச் கேளுங்கள்.

பை, டில், இன், விதின்

"வீ வில் சென்ட் த சாம்பிள்ஸ் டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமை வரை தினமும் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று பொருள். வெள்ளிக்கிழமைக்குள் என்றால் "பை ஃப்ரைடே". தமிழில் "வரைக்கும்", "குள்" இரண்டும் தெளிவாகத் தனித்தனியாக இருக்கின்றன. முதலில் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வரைக்கும் என்று வந்தால் டில். தேதிக்குள் என்று வந்தால் பை. இத்தனை நாளைக்குள் என்று வந்தால் விதின்.

"இன்" தனி ரகம். "ஐ வில் விசிட் யுவர் ஃபேக்டரி இன் டூ வீக்ஸ்" என்று பையர் எழுதினால், இரண்டு வாரம் கழித்து வருகிறார். இரண்டு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பார் என்று நினைத்து ஃபேக்டரியில் தினமும் பரபரத்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்புறம், தேதி எழுதும்போது மாதத்தை எண்ணால் எழுதாதீர்கள். 05/06 நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

வுட்

"வீ வுட் ஷிப் ஆன் 20 ஜூன்." "வில்" என்பதைவிட "வுட்" பணிவானது என்று நினைத்து எழுதுகிறோம். படிப்பவருக்கு அது "அனுப்புவோம், ஆனால்…" என்று பாதியில் தொங்கும். எந்த நிபந்தனையும் இல்லாவிட்டால் "வில்" போடுங்கள். கேட்கும்போது மட்டும் "வுட் யூ" பணிவு.

ப்ரிபோன்

குறித்த நாளுக்கு முன்னால் தள்ளி வைப்பதற்கு நம் ஊரில் நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். வெளிநாட்டுக்காரர் பலருக்குப் புரியாது. அதற்குப் பதிலாக "மூவ் ஃபார்வர்ட்" என்று எழுதினால் இன்னும் மோசம். புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் ஃபார்வர்ட் செய்தாயிற்று என்றால் ஆங்கிலம் பேசிப் பிறந்தவர்களிலேயே சிலர் திங்கள் என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள். புதுக் கிழமையையும் தேதியையும் எழுதுங்கள்.

கன்ஃபர்ம், கன்ஃபார்ம்

உறுதி செய்வது கன்ஃபர்ம். அளவுக்கு ஒத்திருப்பது கன்ஃபார்ம். நாம் பேச்சில் இரண்டையும் கன்ஃபார்ம் என்றே சொல்வதால் எழுத்திலும் மாறுகிறது.

லூஸ்

ஒரு "ஓ" இருந்தால் இழப்பது. இரண்டு "ஓ" இருந்தால் தொளதொள.

பாரோ, லெண்ட்

இரவல் வாங்குவது பாரோ, இரவல் கொடுப்பது லெண்ட்.

லேக்

நம் லட்சம்தான் இது, பையருக்குத் தெரியாது. பத்து லட்சத்தை ஒரு மில்லியன் என்று எழுதுங்கள். ஒன்றரை லட்சம் பீஸ் என்றால் 150,000 என்று, கமாவை அவர்கள் போடும் இடத்தில் போட்டு.