நான்கு நாளில் பாரிஸில் பிரெஞ்சுப் புரட்சியைப் படிப்பது எப்படி?

பாரிஸில் இறங்கினால் புரட்சி கண்ணெதிரே நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பாஸ்டில் சிறையை 1789-லேயே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாரிஸில் மன்னர் இருந்த துய்லெரி அரண்மனை 1871-ல் எரிந்தது. படிக்காமல் போனால் வெறும் தரையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

கிளம்பும் முன்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வெர்சாய் அரண்மனைக்கும் பாரிஸ் நகர வரலாற்றுக்கான கார்னவாலே அருங்காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை. செவ்வாயன்று தொடங்குங்கள்.

புரட்சி அரசு பழைய நாட்காட்டிக்குப் பதிலாகக் கொண்டுவந்த புரட்சி நாட்காட்டியின் அட்டவணையை நோட்டின் அட்டைக்குள் ஒட்டிக்கொள்ளுங்கள். அதன் முதல் ஆண்டு 1792 செப்டம்பர் 22-ல் தொடங்குகிறது. தெர்மிதோர் அதில் ஒரு மாதம்; ‘2-ஆம் ஆண்டு, தெர்மிதோர் 9’ என்றால் 1794 ஜூலை 27. 1789-ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணினால் எல்லாத் தேதியும் தப்பாகிவிடும்.

முதல் நாள்: வெர்சாய்

பலரும் பாஸ்டிலில் தொடங்குகிறார்கள். நிகழ்ச்சிகள் நடந்த வரிசையில் போவதே நல்லது. அரசியலமைப்பு உருவாகும் வரை கலையமாட்டோம் என்று 1789 ஜூனில் பிரதிநிதிகள் டென்னிஸ் மைதான உறுதிமொழி எடுத்த கூடம் அரண்மனைக்கு வெளியே, நடக்கும் தூரத்தில் இருக்கிறது. மேப்பில் அதன் பிரெஞ்சுப் பெயரான ‘ழே த போம்’ என்று மட்டும் தேடினால் பாரிஸின் துய்லெரி தோட்டத்திலுள்ள கலைக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அது 1861-ல் கட்டியது. ‘வெர்சாய்’ என்று சேர்த்துத் தேடுங்கள்.

ஓவியர் தாவீத் வரைந்த உறுதிமொழிக் காட்சியின் பிரிண்ட் ஒன்று கையில் இருக்கட்டும். எல்லோரும் கையை நீட்டியிருக்க, வலது ஓரத்தில் ஒருவர் மட்டும் மார்பில் கைகளைக் கட்டி உட்கார்ந்திருப்பார். அவர் மார்த்தன் தோஷ், உறுதிமொழியை ஏற்க மறுத்த பிரதிநிதி. மன்னர் ஒப்பாத முடிவுக்கு உடன்பட மாட்டேன் என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அங்கேயே நின்று அரைப்பக்கம் எழுதுங்கள்.

இரண்டாம் நாள்: பாஸ்டில்

சதுக்கத்தின் நடுவிலுள்ள தூண் 1789-க்கானது அல்ல, 1830 ஜூலைப் புரட்சிக்கானது. சிறையின் எல்லைக்கோட்டைச் சாலைத் தளத்தில் பதித்த கற்களில் தேடுங்கள். மெட்ரோ 5-ஆம் தடத்தின் பிளாட்ஃபாரத்தில் அடித்தளச் சுவரின் ஒரு துண்டு இருக்கிறது. பிறகு கார்னவாலே. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. பாஸ்டிலின் கல்லிலேயே செதுக்கிய பாஸ்டில் மாதிரியைத் தவறவிடாதீர்கள். அரை நாள் வேண்டும்.

மூன்றாம் நாள்: கோன்சியர்ஜெரியிலிருந்து கோன்கோர்ட் வரை

கோன்சியர்ஜெரி புரட்சிக்காலச் சிறை; கோன்கோர்ட், தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டின் நின்ற சதுக்கம். சேந்த் ஓனோரே தெரு வழியாக நடந்தே போங்கள். கைதிகளின் வண்டி போன வழி அது. ராணி மேரி அன்டாய்னெட் 1793 அக்டோபர் 16-ல் கோன்சியர்ஜெரியிலிருந்து திறந்த வண்டியில் கொண்டுபோகப்பட்டார். மன்னர் பதினாறாம் லூயி வந்த வழி வேறு: அவர் அதே ஆண்டு ஜனவரி 21-ல் டெம்பிள் சிறையிலிருந்து மூடிய வண்டியில் வந்தார். இரண்டையும் ஒரே வழியாக எழுதிவிடாதீர்கள்.

நான்காம் நாள்: பிக்பூஸ் கல்லறை

நேரம் குறைவாகவே திறந்திருக்கும், முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். 1794 ஜூன் 14 முதல் ஜூலை 27 வரை கில்லட்டினில் கொல்லப்பட்ட 1,306 பேர் இங்கே புதைக்கப்பட்டார்கள். தேவாலயச் சுவரில் பெயர்கள் இருக்கின்றன. வரிசையாக இருபது பெயரைத் தொழிலோடு எழுதி எடுங்கள், பிரபலமானவர்களாகப் பொறுக்க வேண்டாம். கில்லட்டின் பிரபுக்களுக்கு மட்டுமே என்ற நினைப்போடு வருபவர்கள்தான் அதிகம். இங்கே கிடப்பவர்களில் பாதிக்கு மேல் சாதாரண ஜனங்கள்.