பாஸ் ஆனது இன்டர்வியூ மட்டும்தான்

போன மாதம் தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில், பார்க்கிங்கில் ஒருவர் போனை நீட்டினார். அமெரிக்கக் குடியுரிமை இன்டர்வியூ முடிந்ததும் கையில் கொடுப்பார்களே, அந்த ஒற்றைத் தாளின் போட்டோ. "அண்ணா, பாஸ் ஆயிட்டேன். டிசம்பர்ல ஊருக்கு டிக்கெட் போட்டுடலாமா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கிலம், வரலாறு, அரசியல் தேர்வுகளில் தேறியதற்கு ஒரு டிக். கொஞ்சம் கீழே இன்னொரு டிக். "உங்கள் விண்ணப்பத்தின் மேல் இப்போது முடிவெடுக்க முடியாது" என்ற வரிக்கு எதிரே இருந்தது அது. மனிதர் அதுவரைக்கும் படிக்கவே இல்லை.

அவரைச் சொல்லி என்ன, நானும் அப்படி இருந்தவன்தான். நான் வக்கீல் இல்லை. குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவம் நிரப்பத் தயங்கும் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்கிறவன், அவ்வளவுதான். அசல் ஆவணத்தை மறந்து போவது, லேட்டாகப் போவது மாதிரித் தவறுகளை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு, அதிகம் பேசப்படாத தவறுகளை மட்டும் கீழே சொல்கிறேன்.

என்-652 தாளைப் பாதி படிப்பது

மேலே சொன்ன தாளுக்கு என்-652 என்று பெயர். தேர்வில் தேறியது வேறு, விண்ணப்பம் ஒப்புதலுக்குப் பரிந்துரைக்கப்பட்டது வேறு. பரிந்துரை என்றால் வாழ்த்துச் சொல்லும் வரிக்கு எதிரே டிக் இருக்கும். முடிவெடுக்க முடியாது என்று இருந்தால், அதிகாரிக்கு இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது. சில சமயம் கூடவே இன்னொரு தாளும் தருவார்கள், அல்லது பின்னால் தபாலில் வரும்: இன்ன கோர்ட் ரிக்கார்டு வேண்டும், இன்ன வருட வரி விவரம் வேண்டும், இன்ன தேதிக்குள் அனுப்பு என்று. அந்தத் தேதிதான் முக்கியம். அது தாண்டிப்போனால், கையில் இருக்கிற காகிதங்களை வைத்தே முடிவெடுத்துவிடலாம்.

பிள்ளையின் 18வது பிறந்தநாளை மறப்பது

இது என் கதை. இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

2012ல் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றாகக் கிரீன் கார்டு வந்தது. ஐந்து வருடம் நெருங்கியதும் நான் மட்டும் விண்ணப்பம் போட்டேன். மனைவி போடவில்லை. ஊரில் நிலம் இருக்கிறது, ஒருத்தராவது இந்தியக் குடியுரிமையோடு இருக்கட்டும் என்று ஒரு கணக்கு. இரண்டு கட்டணம் எதற்கு என்று இன்னொரு கணக்கு. 2017 ஏப்ரலில் இன்டர்வியூ. ஆறு கேள்விதான் கேட்டார், ஆறுக்கும் சரியாகச் சொன்னேன். அதிகாரி சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். வாழ்த்து வரியில் டிக். அப்போது பையனுக்கு வயது பதினேழு, அதற்கு மேல் ஒன்பது மாதம்.

அப்பா அல்லது அம்மா குடிமகன் ஆகிவிட்டால் 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் தானாகவே குடியுரிமை வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன். 2000ல் இயற்றப்பட்டு 2001 பிப்ரவரி 27ல் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் அது. பிள்ளை கிரீன் கார்டோடு இங்கே அந்தப் பெற்றோரின் சட்டப்படியான பொறுப்பில், அவரோடு வசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாம் பொருந்தியது. நான் தப்பாக எண்ணியது ஒரே ஒரு விஷயத்தை. அதிகாரி கை கொடுத்த அன்றே நான் குடிமகன் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. உறுதிமொழி எடுக்கும் நிமிடம் வரை நான் கிரீன் கார்டுக்காரன்தான். இங்கே எல்லாரும் ஓத் என்கிறார்களே, அதுதான்.

ஜூன் கடைசி வாரத்தில் ஓத் என்று நோட்டீஸ் வந்தது. அதே வாரம் திருநெல்வேலியில் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். மாமன் சீர் வைக்க நான் இல்லாமல் எப்படி? தேதியை மாற்றிக் கொடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதி, நோட்டீஸோடு திருப்பி அனுப்பிவிட்டு விமானம் ஏறினேன். மாற்றித்தான் கொடுத்தார்கள், ஆகஸ்டில். பையனுக்கு ஜூலையில் 18 முடிந்திருந்தது.

ஓத் அன்று மாலை வீட்டில் கேக் வெட்டினோம். பையனுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று மறுநாள் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான், பிறந்த தேதிக்கும் என் சான்றிதழ் தேதிக்கும் நடுவே சில வாரம் இடிக்கிறது என்று கண்ணில் பட்டது. நாலைந்து தடவை விரல் விட்டு எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினால் என்ன.

அவன் தனியாக என்-400 போட்டான். 725 டாலர், தனி இன்டர்வியூ, தனித் தேர்வு. அதற்குள் கல்லூரிக்காக வேறு மாநிலம் போய்விட்டான். குடிமக்களை மட்டும் எடுக்கும் ஒரு இன்டர்ன்ஷிப் அந்த இடைவெளியில் கைநழுவியது. என்-400ல் பிள்ளைகளின் பிறந்த தேதியை எழுதித்தானே கொடுத்தோம், அதிகாரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கொஞ்ச நாள் புலம்பினேன். அவர் வேலை என் விண்ணப்பத்தைப் பார்ப்பது. என் பையனின் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருக்க வேண்டியவன் நான்.

இப்போது யார் படிவத்தோடு வந்தாலும் நான் முதலில் கேட்பது பிள்ளைகளின் வயதைத்தான். 16 தாண்டிய பிள்ளை இருந்தால், தகுதி உள்ள அப்பா அம்மா இருவருமே விண்ணப்பியுங்கள். யாருக்கு முதலில் ஓத் வந்தாலும் போதும். நாள் நெருக்கமாக இருந்தால் இன்டர்வியூவிலேயே அதிகாரியிடம் சொல்லுங்கள். சில அலுவலகங்களில் அன்றைக்கே ஓத் நடத்துகிறார்கள், அதில் சேர முடியுமா என்று கேளுங்கள். சொன்னால் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கொடுத்த தேதியை மட்டும் கல்யாணம், காதுகுத்து என்று தள்ளிப் போடாதீர்கள். இதைச் சொன்னால் போன வருடம்கூட ஒருவர், "அப்ரூவ் ஆயிடுச்சே அண்ணா, அப்புறம் என்ன?" என்றார். அவர் மகளுக்கு 18 முடிய ஐந்து வாரம் இருந்தது. அன்று நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

120 நாளை எங்கிருந்தோ எண்ணுவது

"விண்ணப்பம் போட்டு 120 நாள் ஆச்சு, கேஸ் போடலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கணக்கு இன்டர்வியூ நாளிலிருந்து தொடங்குகிறது. அதிலிருந்து 120 நாளுக்குள் முடிவு வராவிட்டால், நீங்கள் வசிக்கும் பகுதியின் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. நீதிபதி தானே முடிவு செய்யலாம், இல்லை குடியுரிமைத் துறைக்கே உத்தரவோடு திருப்பி அனுப்பலாம். 121வது நாள் தானாக ஒப்புதல் வந்துவிடாது. கோர்ட் கட்டணம் மட்டும் 405 டாலர், வக்கீல் செலவு தனி. அதற்கு முன்னால் ஆன்லைனில் விசாரணை போடுங்கள். உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்திலும் கேட்கலாம். ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவர்கள் விசாரிப்பார்கள், செலவு கிடையாது.

ஃபெயில் ஆனவர்களுக்கு வேறு கணக்கு. தவறவிட்ட பகுதியை மட்டும் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு முறை எழுதச் சொல்வார்கள்.

வீடு மாறியதைத் தபால் ஆபீசோடு நிறுத்திக்கொள்வது

புது முகவரியைப் பத்து நாளுக்குள் குடியுரிமைத் துறைக்கே தெரிவிக்க வேண்டும். ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை.

இன்டர்வியூ அறையில் பெயரை மாற்ற ஆசைப்படுவது

நம் ஆட்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு, இருபது வருடம் ஆபீசில் அப்பா பெயராலேயே கூப்பிடப்பட்டு நொந்து போயிருப்போம். குடியுரிமையோடு சேர்த்துப் பெயரையும் மாற்றலாம், தனிக் கட்டணம் இல்லை. நல்ல வசதிதான். ஆனால் பெயர் மாற்றம் நீதிபதி கையால் நடக்க வேண்டியது என்பதால், ஓத்தும் நீதிமன்றத்தில் நடக்க வேண்டும். அந்த விழா எப்போது வருகிறதோ அதுவரை காத்திருக்க வேண்டும். மேலே சொன்ன 18 வயதுப் பிரச்சினை வீட்டில் இருந்தால் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றியவர்கள் அந்தக் கோர்ட் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று கேள்வி வரும்.

வாக்காளர் பதிவு

ஓத் எடுக்கும் வரை, லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் வாக்காளர் படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகிவிடும், நாட்டை விட்டே அனுப்பலாம்.

"ஸ்பீடிங் டிக்கெட்தானே"

ஓத் நோட்டீஸான என்-445ல் ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. இன்டர்வியூவுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா, திருமணம் அல்லது விவாகரத்து ஆனதா, கைதோ அபராதமோ உண்டா, போக்குவரத்து விதி மீறல் உட்பட என்று கேட்கும். ஓத் நாளன்று நிலவரப்படி பதில் எழுத வேண்டும். ஊருக்கு மூன்று வாரம் போய்வந்ததும், வழியில் வாங்கிய ஸ்பீடிங் டிக்கெட்டும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. "இல்லை" என்று எழுதுவதுதான் செய்யும். அபராதம் கட்டிய ரசீதைக் கையோடு கொண்டு போங்கள்.

ஓத் முடிந்த அடுத்த வாரம் சென்னை விமானம்

பார்க்கிங்கில் பார்த்தவர் செய்யவிருந்தது இதுதான். ஓத் அன்று வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். உறுதிமொழி எடுத்த கணத்தில் இந்தியக் குடியுரிமை போய்விடுவதால் பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது, அதை ஒப்படைக்க வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் இன்னும் வந்திருக்காது. அது வந்தால்தான் இந்திய விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். ஓ.சி.ஐ. அதற்கும் பின்னால். ஆகவே சில வாரங்கள் கையில் ஒரே ஒரு சான்றிதழோடு இந்த ஊரிலேயே இருக்க வேண்டியதுதான். அந்தச் சான்றிதழிலும் பெயர், பிறந்த தேதி சரியா என்று அரங்கை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் பாருங்கள். பிறகு திருத்த வேண்டுமென்றால் தனி விண்ணப்பம்.

அவருக்கு முடிவே இன்னும் வரவில்லையே. டிசம்பர் டிக்கெட்டைப் போடுங்கள், ஆனால் தேதி மாற்றக் கூடியதாகப் பார்த்துப் போடுங்கள் என்றேன். விலை ஜாஸ்தியாக இருக்குமே என்றார். இருக்கும்.