அரசுப் பள்ளி ஆசிரியர் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்க: பணி விடுவிப்பு முதல் பேரவை வரை

வேட்புமனு பரிசீலனை நடக்கும் நாளில் நீங்கள் அரசு ஊழியராக இருக்கக் கூடாது. மற்ற எல்லா வேலைகளையும் இந்த ஒரு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் திட்டமிட வேண்டும். ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருப்பவர் பேரவை உறுப்பினராக முடியாது என்கிறது அரசியலமைப்பின் 191-வது பிரிவு. 25 வயது நிரம்பியிருப்பதும், தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருப்பதும் மற்ற தகுதிகள். ஆசிரியருக்கு அவற்றில் சிக்கல் வருவது அபூர்வம்.

பணியிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ராஜினாமா சுலபமாகத் தெரியும், ஆனால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் முழுவதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். 20 ஆண்டு தகுதிப் பணி முடித்தவரோ 50 வயதைத் தொட்டவரோ விருப்ப ஓய்வு கேட்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு மூன்று மாத முன்னறிவிப்பு தேவை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

2021 தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு பிப்ரவரி 26-ல் வந்தது. மனு தாக்கல் மார்ச் 12 முதல் 19 வரை, பரிசீலனை மார்ச் 20. மூன்று மாதம் பின்னால் எண்ணினால், 2020 டிசம்பர் 19-க்குள் விருப்ப ஓய்வுக் கடிதம் போயிருக்க வேண்டும். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தவருக்கு இருபத்து மூன்று நாள்கூட மிஞ்சவில்லை. கோப்பு மேசை மேசையாக நகரும் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே முந்தைய செப்டம்பரிலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்ததோடு வேலை முடியாது. உங்கள் நியமன அதிகாரி யாரோ அவருக்கு அது போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். 17(பி) குற்றச்சாட்டு, அதாவது பெருந்தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை, ஏதும் நிலுவையில் இருந்தால் விருப்ப ஓய்வை நிறுத்தி வைக்க முடியும். அதை முதலில் முடித்தாக வேண்டும். கூட்டுறவு நாணயச் சங்கக் கடன், வைப்புநிதி முன்பணம் போன்றவற்றையும் இதே காலத்தில் தீர்த்துவிடுங்கள். கடைசியில் உங்கள் கையில் இருக்க வேண்டியவை இரண்டு: ஏற்பு ஆணை, பணி விடுவிப்பு ஆணை. முதலாவது மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடமாட்டார்.

அரசு தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத் துணை ஆட்சியர் நிஷா பாங்ரே சாட்சி. 2023 ஜூனில் ராஜினாமா கொடுத்தார். அது ஏற்கப்பட்டது அக்டோபர் கடைசியில். அதற்குள் அவர் எதிர்பார்த்த ஆம்லா தொகுதிக்குக் காங்கிரஸ் வேறொருவரை அறிவித்துவிட்டது.

அரசு உதவி பெறும் பள்ளியில் இருப்பவர், சம்பளம் தருவது நிர்வாகமா அரசா என்று பரிசீலனை மேசையில் வாதாடுவதைவிட விலகிவிட்டு நிற்பதே நிம்மதி. சுயநிதிப் பள்ளி ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. நிர்வாகத்தோடு பேசி விடுப்பு வாங்கினால் போதும்.

இன்னொரு கண்ணி கட்சியிலிருந்து வரும். பணியில் இருக்கும்போதே கட்சி அலுவலகத்தில் வேட்பாளர் வாய்ப்புக் கேட்டு விருப்ப மனு கொடுப்பதும் நேர்காணலுக்குப் போவதும் நடத்தை விதிகளை மீறுவதாகும். அந்தப் புகைப்படம் ஒன்று வெளியானால் உங்கள் விருப்ப ஓய்வுக் கோப்பின் மேல் விளக்கம் கேட்கும் குறிப்பாணை வந்து உட்காரும். வரிசை இதுதான்: முதலில் விடுவிப்பு, பிறகு உறுப்பினர் அட்டை, அதற்குப் பிறகு விருப்ப மனு.

சட்ட மேலவையில் ஆசிரியர்கள் மட்டும் வாக்களிக்கும் ஆசிரியர் தொகுதி என்ற குறுக்குவழி கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இன்றும் உண்டு. தமிழ்நாட்டில் மேலவையே 1986-ல் போய்விட்டது. இங்கே 234 சட்டப்பேரவைத் தொகுதிகளில் ஒன்றைத்தான் வெல்ல வேண்டும்.

மனு படிவம் 2பி. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் பெறாத கட்சிக்கும் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலராக வேலை பார்த்த ஆசிரியருக்கு வாக்காளர் பட்டியலின் பாக எண்ணும் வரிசை எண்ணும் மனப்பாடம், ஆனாலும் புதிய பட்டியலில் எண்கள் மாறியிருக்கும், சரிபாருங்கள். நீங்கள் வேறு தொகுதி வாக்காளர் என்றால் அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும். வைப்புத் தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. காசோலை செல்லாது. பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காவிட்டால் இந்தப் பணம் திரும்பாது. நீங்கள்தான் கட்சி வேட்பாளர் என்று உறுதிசெய்யும் ஏ, பி படிவங்கள் மனு தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் வந்து சேர வேண்டும். ஒரு வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை தரலாம், குறைந்தது இரண்டு தருவது நல்லது.

படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பொருந்தாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுங்கள். வெற்றிடம் விட்டு, நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. ஐந்தாண்டு வருமானம், மனைவி அல்லது கணவரின் சொத்து, வைப்புநிதி இருப்பு, நகை, கடன் எல்லாம் வர வேண்டும். கடந்த பத்தாண்டில் அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக்கு நிலுவையில்லாச் சான்றும் தேவை. மனு தந்த பின், பரிசீலனை நாளுக்கு முன்பே உறுதிமொழி எடுக்க மறக்காதீர்கள். மனு தவறாகத் தள்ளப்பட்டால்கூட நடுவில் நீதிமன்றம் தலையிடாது. முடிவு வந்து 45 நாளுக்குள் தேர்தல் மனு போடுவதுதான் ஒரே வழி.

பிரசாரத்தில் ஆசிரியருக்கு இருக்கும் பலமே ஆபத்தாகவும் மாறும். பழைய சகாக்கள் உதவ வருவார்கள். பணியில் இருக்கும் அரசு ஊழியர் வேட்பாளரின் தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி முகவராகவோ எண்ணிக்கை முகவராகவோ உட்கார்ந்தால் அவருக்கு மூன்று மாதம் வரை சிறை கிடைக்கலாம். உங்கள் மனைவியும் அரசு ஆசிரியை என்றால் அவருக்கும் இது பொருந்தும். அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் உதவியைப் பெற்றதாக நிரூபணமானால் வெற்றியே செல்லாமல் போகலாம். ஓட்டுப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். மனு தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்பு தனி வங்கிக் கணக்கு தொடங்கி, எல்லாவற்றையும் அதன் வழியே செலவழியுங்கள். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக் கூடாது. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்கப்பட வேண்டும், தோற்றவருக்கும்தான். தவறினால் மூன்றாண்டு தகுதியிழப்பு வரும்.

ஜெயித்தால் 2017-ல் உயர்த்தப்பட்டபடி மாதம் 1,05,000 ரூபாய். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, நீங்கள் பணியைப் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். ஆசிரியராக இருந்தவர் எல்லாவற்றையும் வகுப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் கொடுத்துவிட ஆசைப்படுவார். குடிநீர்த் தொட்டி கேட்ட ஊர் அடுத்த தேர்தலில் அதை நினைவு வைத்திருக்கும். இடமாறுதல் பரிந்துரைக்காகப் பழைய நண்பர்கள் வரிசையில் நிற்பார்கள். கலந்தாய்வு என்று ஒன்று இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. சம்பளம் வாங்கிக்கொண்டு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் போகவும் கூடாது. ஆதாயப் பதவித் தடை பதவிக்காலம் முழுக்கத் தொடரும்.

பேரவையில் 45 நிமிடப் பாடவேளை கிடையாது. பேரவைத் தலைவர் மணி அடித்தால் உட்கார வேண்டியதுதான். அதனால் விளக்கவுரை வேண்டாம், கேள்வி ஒன்றே போதும்: எந்த ஊர்ப் பள்ளி, எத்தனை காலியிடம், எப்போது நிரப்பப்படும். பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை நாளில் மேசைக்கு வரும் கொள்கை விளக்கக் குறிப்பை முந்தைய ஆண்டுக் குறிப்போடு வரி வரியாக ஒப்பிடுங்கள். சென்ற ஆண்டு அறிவித்து இந்த ஆண்டு காணாமல் போன திட்டத்தைப் பற்றிக் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.