காரிலிருந்து இறங்கும்போது ஷாக் அடிக்கிறதா? இறங்கும் முறையை மாற்றுங்கள்

காரை நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்தக் கை வைத்ததும் விரல் நுனியில் சுரீர் என்று ஒரு அடி. காற்று வறண்ட நாட்களில் பலருக்கு இது தினசரித் தொல்லை. சிலர் கதவைத் தொடவே பயந்து முழங்கையாலும் இடுப்பாலும் தள்ளிச் சாத்துவார்கள். வயரிங்கில் கோளாறோ என்று மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை. இறங்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினாலே போதும்.

முதலில் காரணம். உடை சீட்டோடு உரசும்போது இரண்டிலும் எதிரெதிர் மின்னூட்டம் சேர்கிறது. உட்கார்ந்திருக்கும்வரை இரண்டும் ஒட்டியே இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து விலகும்போதுதான் உடம்பின் மின்னழுத்தம் எகிறுகிறது. வறண்ட காற்றில் 10,000 வோல்ட்டைக்கூடத் தாண்டும். ரப்பர் அடி வைத்த செருப்போ ஷூவோ போட்டிருந்தால் அது தரைக்கு இறங்கவும் வழியில்லை. விரல் கதவை நெருங்கியதும் பொறியாகப் பாய்கிறது. மொத்த மின்னூட்டம் மிகக் குறைவு, கண் இமைப்பதற்குள் தீர்ந்தும்விடும். அதனால்தான் இத்தனை வோல்ட் இருந்தும் வலியோடு போய்விடுகிறது.

இனி செய்முறை.

படி 1: கதவைத் திறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருங்கள்.

படி 2: உட்கார்ந்தபடியே காரின் உலோகப் பகுதி ஒன்றைப் பிடியுங்கள். கதவின் உள்பக்கக் கைப்பிடி பெரும்பாலும் பிளாஸ்டிக், கதவைச் சுற்றி ஓடுவது ரப்பர், இரண்டும் பயன்படாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள கதவுச் சட்டமோ, கதவுக்கு மேலே கூரையின் விளிம்போ கைக்கு எட்டும். அங்கே பெயின்ட் இருந்தாலும் அது மெல்லிய பூச்சுதான், முழு உள்ளங்கையும் படியும்படி பிடித்தால் பெரும்பாலும் வேலை செய்யும். பெயின்ட் இல்லாத உலோகம் கைக்கு எட்டினால் இன்னும் நல்லது.

படி 3: பிடியை விடாமல் இறங்குங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உட்கார்ந்தபடி ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை எடுத்து, பிறகு இறங்குகிறார்கள். "தொட்டேனே, அப்படியும் அடிக்கிறதே" என்கிறார்கள். மின்னழுத்தம் ஏறுவது சீட்டைவிட்டு விலகும்போது. அதற்கு முன்பே கையை எடுத்துவிட்டால் தொட்டதற்குப் பலனே இல்லை. பிடித்தபடி எழுந்தால் விலகும் மின்னூட்டம் அவ்வப்போதே கை வழியாகக் காருக்குப் போய்விடும். பொறி பறக்க இடைவெளியே இருக்காது.

படி 4: சீட்டைவிட்டு முழுதாக எழுந்து, இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகு கையை எடுங்கள்.

பிடிக்க மறந்து இறங்கிவிட்டீர்களா? சாவியைக் கெட்டியாகப் பிடித்து அதன் உலோக முனையால் கதவைத் தொடுங்கள். பொறி சாவிக்கும் கதவுக்கும் இடையில் பாய்ந்துவிடும். உங்கள் கையில் அது ஒரே புள்ளியில் குத்தாமல் பரவிப் போவதால் வலிக்காது. பிளாஸ்டிக் ரிமோட் சாவி என்றால் ஒரு நாணயம் போதும். பின்சீட்டுக் குழந்தையைத் தூக்கும் முன்பும் இப்படி ஒருமுறை காரைத் தொட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த அடி பிஞ்சுக் கையில் விழும்.

மின்னூட்டம் சேர்வதையே குறைக்கவும் வழி உண்டு. பாலியஸ்டர், கம்பளி உடைகள் செயற்கை இழைச் சீட்டில் உரசும்போது தொல்லை அதிகம். பருத்தி உடையோ பருத்தி சீட் கவரோ இருந்தால் குறையும். துணி மென்மையாக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து சீட்டில் லேசாகத் தெளித்துக் காயவிட்டால் சில நாட்களுக்குப் பலன் தெரியும். காருக்கு அடியில் தரையைத் தொடும்படி தொங்கவிடும் பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காரில் உள்ள மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கலாம், ஆனால் நம்மை அடிப்பது நம் உடம்பில் சேர்ந்தது.

பெட்ரோல் பங்க்கில் மட்டும் இதை வெறும் தொல்லையாக நினைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும். விரலிலிருந்து பாயும் பொறியில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். நீங்களே பெட்ரோல் போடுவதாக இருந்தால், இறங்கியதும் டேங்க் மூடியிலிருந்து தள்ளி உள்ள உலோகத்தை வெறுங்கையால் தொட்டுவிட்டுக் குழாயை எடுங்கள். பெட்ரோல் ஏறும்போது மறுபடி காருக்குள் போய் உட்காராதீர்கள். போன் எடுக்கவோ குளிருக்கு ஒதுங்கவோ உள்ளே போய்த் திரும்பினால் உடம்பில் புதிதாக மின்னூட்டம் ஏறியிருக்கும், கை நேராக ஆவி இருக்கும் இடத்துக்குப் போகும். தவிர்க்க முடியாமல் போய்வந்தால், குழாயைத் தொடும் முன் தள்ளி நின்று உலோகத்தைத் தொடுங்கள். கேனில் பிடிப்பதானால் அதைத் தரையில் வைத்தே நிரப்புங்கள், வண்டிக்குள் வைத்து வேண்டாம்.

அப்படியும் டேங்க் வாயில் தீப்பிடித்தால் குழாயை வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் தீ பரவும். அப்படியே விட்டுவிட்டு விலகி ஓடி, பங்க் ஊழியரிடம் பம்பை நிறுத்தச் சொல்லுங்கள்.