தார்ச்சாலையில் ஒரு முகம்

காரைக்குடியில் எங்கள் தெருவில் நான் முதன்முதலாகச் சாக்பீஸால் வரைந்தது இங்கே கல்லூரிகளை நிறுவிய வள்ளல் அழகப்பச் செட்டியாரின் (1909–1957) முகம். இந்த ஊரில் படித்தவனுக்கு வேறு எந்த முகம் முதலில் தோன்றும்?

நீங்களும் இப்படி வரைய, வாகனம் வராத முட்டுச்சந்து நல்லது. தெருக்காரர்களிடம் சொல்லிவிட்டு, முந்தின நாளே தரையைக் கழுவிக் காயவிடுங்கள். மண் இருந்தால் சாக்பீஸ் ஒட்டாது.

பார்த்து வரையப்போகும் 6-க்கு 8 அங்குலப் படத்தில் ஓர் அங்குலக் கட்டங்கள் போடுங்கள். தரையில் ஒவ்வொரு கட்டமும் ஓர் அடி. கொத்தனார்போல நூலில் சுண்ணாம்புத் தூள் தடவி, இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். கண்டாங்கிச் சேலைக் கட்டங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது கஷ்டமே இல்லை.

இனிதான் முக்கியம். தார் ஏற்கெனவே கறுப்பு. ஆகவே நிழலை வரையாதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள். நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு என்று வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் வெள்ளையால் நிரப்புங்கள். தோல் நிறத்துக்குச் செங்கல் தூளை உள்ளங்கையால் தேய்ப்பேன். கண்ணின் ஒளிப்புள்ளியைக் கடைசியில் வையுங்கள். அந்த நொடியில் முகம் நம்மைப் பார்க்கும். எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

"நெத்தி சப்பையா இருக்கேப்பா" என்று எதிர்வீட்டு ஆச்சிதான் அன்று சுட்டிக்காட்டினார். முகவாய்ப் பக்கம் நின்று பார்ப்பவருக்குத் தூரத்து நெற்றி குறுகித்தான் தெரியும். மேல்வரிசைக் கட்டங்களை 2 அங்குலம் நீட்டிக்கொள்ளுங்கள்.

மேலிருந்து கீழே வந்தால் கைபட்டு அழியாது. விடியற்காலை 5 மணிக்கே தொடங்குங்கள். 10 மணிக்கு அப்புறம் எங்கள் வெயிலில் தாரில் மண்டியிட முடியாது. பெயின்ட், கோந்து வேண்டாம். படத்தை அழிக்க, மழை வராவிட்டாலும் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு விளக்குமாறும் போதும்.